வடக்கின் உப்பும் தெற்கின் எண்ணெயும்

இக்போ மொழியில் 'இசி' என்றால் தலை. 'எவு' என்றால் ஆடு. இசி எவு என்பது ஆட்டுத்தலைக் கறி. நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களின் விருந்துகளில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. தலைக்கறியும் கால் பாயாவும் நம் இல்லங்களுக்குப் புதியன அல்ல. எனினும், இக்கறியின் பக்குவம் நாம் அறிந்த எந்தப் பக்குவத்தோடும் ஒட்டாதது.

1980களின் தொடக்கத்தில் நம் நாட்டு ஆசிரியர் பலர் நைஜீரியப் பள்ளிகளில் பணியேற்றுச் சென்றனர். அவர்களுள் நாங்களும் இருந்தோம். நிலக்கரிச் சுரங்கங்களால் பெயர்பெற்ற எனுகு நகரில் எங்கள் குடியிருப்பு அமைந்தது. அடுத்த வீட்டில் ஓர் இக்போ அம்மையார் வாழ்ந்தார். பிள்ளை பெற்ற பெண்ணை, மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'இன்னாரின் அம்மா' என்று அழைப்பது அவர்கள் வழக்கம். 'உம்மு' என்று சேர்த்து அழைக்கும் அரபு மரபை அறிந்த எங்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. அவர்தாம் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று இக்கறியைச் சமைக்கக் கற்றுத் தந்தார். ஆட்டை, அந்நகரில் குடியேறி வாழ்ந்த ஹௌஸா முஸ்லிம் ஒருவர் பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுத்தார்.

தலையை முதலில் தீயில் வாட்டி, மயிர் போகச் சுரண்டிக் கழுவுகின்றனர். பின்னர் துண்டுகளாக்கி, வெங்காயமும் உப்பும் மிளகாயும் சேர்த்து, எலும்பிலிருந்து சதை கழன்று வரும்வரை வேகவிடுகின்றனர். மூளையைத் தனியே எடுத்து மசித்து வைக்கின்றனர். இதுவரை நம் வீட்டுச் சமையலைப் போலத்தான்.

இதன்பின் செய்வதே இக்கறியின் உயிர். சிவந்த செம்பனை எண்ணெயை ஒரு சட்டியில் ஊற்றுகின்றனர், அதைச் சூடாக்குவதில்லை. 'அகன்வு' என்னும் கார உப்புக் கட்டியை நீரில் கரைத்து, கசடு கீழே தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் எண்ணெயில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுகின்றனர். எங்கள் கண்ணெதிரே சிவப்பு மறைந்து மஞ்சள் பிறந்தது. எண்ணெய் குழம்பாகத் திரண்டது. காரம் எண்ணெயோடு கூடும்போது சிறிதளவு சவுக்காரத் தன்மை உண்டாகிறது. அதுவே நீரையும் எண்ணெயையும் பிரியாமல் பிணைக்கிறது. அளவு மிஞ்சினால் கறியும் சவுக்காரமாகவே சுவைக்கும். ஆகவே அம்மையார் கண்ணை எடுக்காமல் கிளறினார்.

அந்த மஞ்சள் குழம்பில் மசித்த மூளையும், மிளகாய் விழுதும், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த 'எஹூரு' விதையும் சேர்ந்தன. எஹூரு மணத்தில் நம் ஜாதிக்காய்க்குத் தங்கை எனலாம். எண்ணெய்ப் பயற்று மரத்தின் விதையை அவித்து, மெல்லியதாகச் சீவி, சில நாள் புளிக்க வைத்த 'உக்பா'வும் இட்டார். இறுதியில் வெந்த இறைச்சியைப் புரட்டி, இளஞ்சூடு ஏற்றி, உரல் போன்ற மரக் கிண்ணத்தில் வைத்து, வெங்காய வளையங்களையும் 'உத்தாசி' என்னும் கசப்புக் கீரையையும் நூலாக அரிந்து தூவினார். முதலில் எரிவு, பின்னர்க் கசப்பு, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு என நாவில் தங்கியது அக்கறி.

இந்த அகன்வு எங்கிருந்து வருகிறது என்று வினவினோம். "வடக்கிலிருந்து" என்றார். ஹௌஸா மொழியில் அதன் பெயர் 'கன்வா'. சாடு ஏரிக் கரையில் வெட்டப்படும் இக்கார உப்பு, பல நூற்றாண்டுகளாக வணிகர் கைமாறித் தெற்கே வந்துகொண்டிருந்தது. நம் ஆப்பச் சோடாவுக்கு அது உறவு முறை. செம்பனை எண்ணெயோ தெற்கின் செல்வம். இரண்டும் கூடாமல் இசி எவு இல்லை.

1966இல் வடக்கே வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1967 மே 30இல் தென்கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்று தனிநாடாக அறிவித்துக்கொண்டது. எனுகு அதன் தலைநகராயிற்று. சூலையில் மூண்ட போர் 1970 சனவரியில்தான் ஓய்ந்தது. குண்டுகளைவிட முற்றுகையும் பட்டினியுமே மிகுதியான உயிர்களைக் குடித்தன. மாண்டவருள் குழந்தைகளே மிகுதி. எங்கள் அம்மையாரும் ஓர் இளம் மகனை அப்பட்டினியில் பறிகொடுத்தவர்.

"அப்போது சோற்றுக்கு இடும் உப்பே கிடைக்கவில்லை, வடக்கிலிருந்து கட்டி எப்படி வரும்? பனங்குலையை எரித்த சாம்பலில் நீர் வடித்தால் எண்ணெய் இப்படியேதான் திரளும். எங்கள் பாட்டிமார் அதைத்தான் வைத்துச் செய்தார்கள். ஆனால் ஆடு எங்கே இருந்தது, பிள்ளைகளே?" என்றார்.

சாம்பல் நீரே போதுமென்றால், இன்னும் வடக்கின் கட்டியை வாங்குவானேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். கிளறுவதை நிறுத்தாமலே விடை சொன்னார்: "உப்பின்மேல் எனக்கென்ன பகை? அதை விற்கிறவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

இக்கறியோடு கள் அருந்துவது அங்கே வழக்கம். எங்கள் இல்லத்துக்கு அது ஆகாது என்பதை அறிந்து, அம்மையார் வீட்டார் ஒருவரும் அதைக் கொண்டுவரவில்லை. ஆட்டை அறுத்துத் தந்த ஹௌஸா பெரியவரையும் நாங்கள் விருந்துக்கு அழைத்திருந்தோம். அம்மையார் நாக்குத் துண்டை எடுத்து முதலில் அவர் பக்கம் நகர்த்தினார். அவர் சற்றே தலைதாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

ஒரு சட்டிக் கறி ஒரு நாட்டின் பிளவை ஒட்டிவிடும் என்று நாங்கள் கூற வரவில்லை. பறிகொடுத்த பிள்ளை திரும்புவதில்லை. அந்த அம்மையார் அதை மறந்தவரும் அல்லர். மறக்காமலேயே பகைக்கு இடங்கொடாமல் இருக்க முடியும் என்பதை அவரிடம் கண்டோம். அன்று அவ்விருவரும் போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆட்டு விலை ஏறியதையும், மழை தள்ளிப் போனதையும் பேசியபடி கிண்ணத்தைக் காலி செய்தனர்.