ஜீவாளி நூல் நிற்கும் இடம்

மேடையில் தம்புராவை அழகுக்கு நிறுத்திவிட்டு, கைப்பேசியில் சுருதிச் செயலியை ஓடவிடும் பழக்கம் சேலம் தாண்டி எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை வந்துவிட்டது. சுருதி சுத்தமாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். சுருதி ஒற்றை ஸ்வரம் என்று நினைப்பவர்களின் வாதம் இது. மந்தரக் கம்பி முழு நீளத்துக்கு ஆடும்போதே இரண்டாகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் பிரிந்து ஆடுகிறது. மூன்றில் பஞ்சமம், ஐந்தில் அந்தர காந்தாரம். யாரும் வாசிக்காத அந்தக் காந்தாரத்தைத் தெளிவாக எழுப்பித் தருவது ஜீவாளி நூல்தான்.

நூலை வைப்பதுதான் இந்த வித்தையிலேயே கடினம். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே நூலை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து, மீட்டிக்கொண்டே மெல்ல நகர்த்த வேண்டும். மயிரிழை தவறினால் நாதம் மொட்டையாகிவிடும். சரியான இடத்தில் அப்படியே விரிந்து திறக்கும். நான்கு கம்பிக்கும் நான்கு இடம். கட்டை மாற்றினால் அந்த இடமும் மாறும். பருத்து, அகலமாக ஆடும் மந்தரம்தான் கடைசிவரை படுத்தும். சி.வி. ராமன் வீணை, தம்புரா பற்றி 1921-இல் எழுதியதும் இந்தக் குதிரையின் வேலையைத்தான். மீட்டிய இடத்தில் கணு விழும் அனுஸ்வரங்கள் எழக்கூடாது என்பது யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. அதன்படி கம்பியைச் சரிபாதியில் மீட்டினால் மேல் ஷட்ஜம் கேட்கவே கூடாது. தம்புராவில் கேட்கிறது. கம்பி ஒவ்வொரு ஆட்டத்திலும் குதிரையின் வளைந்த முதுகைத் தொட்டுத் தொட்டு விலகுவதால், அடி ஸ்வரத்தின் வலு மேலே உள்ளவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. நம் ஊர்த் தச்சர்கள் பலாக்கட்டையில் கைப்பழக்கமாகச் செய்துவந்ததற்கு அறிவியல் பின்னால்தான் வந்து காரணம் சொன்னது.

சேலத்து வெயிலில் கம்பி நீண்டு சுருதி இறங்குகிறதே என்பார்கள். உண்மைதான். பிருடையைத் திருகி, மணிக்காயை நகர்த்திச் சேர்க்கும் அந்த வேலைதான் காதைப் பழக்குகிறது. செயலியில் ஒலிப்பதும் நிஜத் தம்புராவின் பதிவுதானே என்பது அடுத்த வாதம். வேறொருவர் வைத்த நூல் அது. மந்தரத்தின் அடிநாதமோ கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வருவதே இல்லை. வர்ணம், கீர்த்தனை எல்லாம் பாடும் பிள்ளைகளிடம் மந்தரத்தை மீட்டிக் காந்தாரம் எங்கே என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும் ஆசிரியர்கள் அதற்கு முன்பே நூல் வைக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.