மெரிடன்: தொழிலாளர்கள் மூட விடாத தொழிற்சாலை

கோவன்ட்ரியிலிருந்து பர்மிங்ஹாம் நோக்கிப் போகும் ஏ45 சாலையில், மெரிடன் கிராமத்துக்குச் சற்று முன்னால் மில்லிசன்ஸ் வுட் என்றொரு சிறிய குடியிருப்பு இருக்கிறது. செங்கல் வீடுகள், வாசலில் கார்கள், கத்தரித்துவிட்ட வேலிச் செடிகள். இங்கிலாந்தில் எந்த ஊரின் ஓரத்திலும் பார்க்கக்கூடிய தெருக்கள்தான். ஆனால் தெருமுனைப் பலகைகளைப் படித்தால் நின்றுவிடுவோம். ஒரு தெருவின் பெயர் பான்வில் க்ளோஸ், இன்னொன்று டேடோனா டிரைவ். இரண்டும் டிரையம்ப் மோட்டார் சைக்கிள்களின் பெயர்கள். 1942 முதல் 1983 வரை டிரையம்ப் தொழிற்சாலை நின்ற மண் இது. 1984-இல் கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கி, வீடுகள் கட்டினார்கள்.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே பித்து. இந்தப் பயணத்தில் நான் தேடிப் போனது வண்டிகளை மட்டும் அல்ல, அவற்றைச் செய்தவர்களின் வாழ்க்கையையும். அதற்கு மெரிடனை விடப் பொருத்தமான இடம் இல்லை. முதலாளி மூடுகிறேன் என்று சொன்ன தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்து, பிறகு தாங்களே நடத்திக் காட்டிய இடம் அது.

டிரையம்ப் முதலில் கோவன்ட்ரி நகருக்குள்தான் இருந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து வந்து குடியேறிய சீக்ஃப்ரீட் பெட்மன் தொடங்கிய நிறுவனம் அது. சைக்கிளில் ஆரம்பித்து 1902-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. தொழிற்சாலை பிரயரி தெருவில், பேராலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளில் பேராலயமும் போயிற்று, தொழிற்சாலையும் போயிற்று. பேராலயத்தின் மொட்டைச் சுவர்களை அப்படியே நினைவிடமாக விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றால், நகரத்துக்கு வெளியே வயல்வெளியில் புதிய தொழிற்சாலை கட்டவேண்டும் என்று அன்று ஏன் முடிவெடுத்தார்கள் என்பது விளங்கிவிடும். சிறிது காலம் வாரிக் ஊரில் தற்காலிகக் கொட்டகைகளில் வேலை செய்துவிட்டு, 1942-இல் மெரிடனுக்கு வந்தார்கள். முதலில் இராணுவத்துக்கான 350 சிசி வண்டிகள். போர் முடிந்ததும் உலகத்துக்கான வண்டிகள்.

மெரிடனிலிருந்து அதே சாலையில் சில மைல் தள்ளி, பிக்கன்ஹில்லில் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. முழுக்க முழுக்க பிரிட்டிஷ் வண்டிகள். வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-இல் வெளிவந்த ஸ்பீடு ட்வின்னும், 1959-இல் வந்த பான்வில்லும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். இரட்டை சிலிண்டர் எஞ்சினை ஒற்றை சிலிண்டர் வண்டியின் உடம்புக்குள் அடக்கிய டர்னரின் யோசனைதான் அடுத்த முப்பது ஆண்டுகள் மெரிடனுக்குச் சோறு போட்டது. போருக்குப் பிறகு அங்கே செய்த வண்டிகளில் பெரும்பங்கு மரப்பெட்டிகளில் ஏறி அமெரிக்காவுக்குப் போயிற்று.

ஒரு பான்வில்லின் பெட்ரோல் டேங்க்கை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு முதியவர் வந்து நின்றார். மெரிடனில் வேலை பார்த்தவர். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில் ஓடும் தங்க நிறக் கோட்டைக் காட்டி, “இது ஸ்டிக்கர் இல்லை, கையால் இழுத்தது” என்றார். பிறகு செய்தே காட்டினார். சுண்டுவிரலை டேங்க்கின் விளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். நீண்ட மயிர்த் தூரிகையில் பெயின்ட்டை நிறைய ஏற்றிக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு தடித்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அவர் வெறுங்கையை வீசிக் காட்டியபோது, அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பது கைக்கு இன்னும் நினைவிருந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கோடு முழுக்க ஒரே அகலம் இல்லை, வளைவில் ஒரு மயிரிழை மெலிந்திருந்தது. செய்த மனிதரின் அடையாளம் அது.

அவர் சொல்லச் சொல்ல ஒரு நாள் வேலை என் கண்முன் விரிந்தது. காலையில் கார்டு பஞ்ச் அடித்து உள்ளே நுழைந்தால் மெஷின் ஷாப்பின் கட்டிங் ஆயில் வாடை. லேத்திலும் மில்லிங்கிலும் நிற்பவர்களுக்குப் பீஸ் ரேட். எத்தனை உருப்படியோ அத்தனை காசு. கை வேகமானவன் நல்ல சம்பளம் வீட்டுக்குக் கொண்டுபோவான். ஃபிரேம் ஷாப்பில் குழாய்களைப் பூட்டித் தீயில் பிரேசிங் செய்வார்கள். பாலிஷ் போடுகிறவர்கள் மாலையில் முகமெல்லாம் கறுத்து வெளியே வருவார்கள். சக்கரப் பிரிவில் ஸ்போக் கோத்து, ரிம்மைச் சுழலவிட்டுப் பெண்ட் எடுப்பார்கள். எந்த ஸ்போக்கை எத்தனை திருகு திருகவேண்டும் என்பதைக் கண்ணும் காதுமே சொல்லும். கடைசியாக டெஸ்ட் ரைடர்கள். மழையோ பனியோ, புது வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரச் சாலைகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து குறை சொல்வார்கள்.

அந்த டெஸ்ட் ரைடர்களில் பெர்சி டெய்ட்டின் பெயர் பந்தய உலகம் அறிந்தது. வாரநாளில் தொழிற்சாலை வண்டிகளைச் சோதித்தவர், பந்தய நாளில் அதே நிறுவனத்துக்காகப் பந்தயம் ஓட்டினார். டிரையம்ப்பின் பொறியாளர் டக் ஹீலின் சோதனைப் பிரிவில் உருவான ‘ஸ்லிப்பரி சாம்’ என்ற மூன்று சிலிண்டர் வண்டி, 1971 முதல் 1975 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஐல் ஆஃப் மேன் தீவின் புரொடக்‌ஷன் டிடி பந்தயத்தை வென்றது. 1970-இல் பிரான்சின் போல்டோர் பந்தயத்தில் எண்ணெய் கசிந்து வண்டியையும் ஓட்டியவரையும் நனைத்ததால் வந்த பெயர் அது. 2003-இல் அருங்காட்சியகத்தில் பிடித்த தீயில் நூற்றுக்கணக்கான வண்டிகளோடு அதுவும் எரிந்தது. பிறகு பொறுமையாக மீட்டெடுத்தார்கள்.

இத்தனை திறமை இருந்த இடம் ஏன் விழுந்தது? தொழிலாளர்களும் சங்கங்களும்தான் கெடுத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கூற்று நிற்காது. 1951-இல் டிரையம்ப்பை பி.எஸ்.ஏ. குழுமம் வாங்கியது. அமெரிக்காவில் விற்பனை கொழித்த ஆண்டுகளில் புது எஞ்சினுக்கும் புது இயந்திரங்களுக்கும் போட்டிருக்க வேண்டிய பணத்தைப் போடவில்லை. 1969-இல் ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்னால் டிஸ்க் பிரேக். அதற்கு எதிரே மெரிடன் வைத்திருந்தது, அடிப்படையில் 1937-இன் யோசனை.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு அதைவிட வலிக்கிறது. 1971-ஆம் ஆண்டு மாடலுக்கான புது ஃபிரேமை மெரிடனில் வடிவமைக்கவில்லை. அம்பர்ஸ்லேட் ஹால் என்ற மாளிகையில் பி.எஸ்.ஏ. குழுமம் பெரும் செலவில் நடத்திய ஆராய்ச்சி மையத்தில் வடிவமைத்தார்கள். வரைபடங்கள் வந்து சேரத் தாமதமாகி, அசெம்பிளி லைன் வேலையில்லாமல் நின்றது. ஒருவழியாக ஃபிரேம் வந்தபோது, கட்டி முடித்த எஞ்சின் அதற்குள் நுழையவில்லை. மேலே இருக்கும் ராக்கர் பாக்ஸ்களைக் கழற்றி, எஞ்சினை உள்ளே இறக்கி, மறுபடி பூட்டவேண்டி இருந்தது. சீட்டும் உயரம், சராசரி ஆளுக்குக் கால் தரையில் சரியாக எட்டவில்லை. தினமும் எஞ்சினை ஃபிரேமில் ஏற்றுகிற ஃபிட்டர் ஒருவரை அழைத்து வரைபடத்தைக் காட்டியிருந்தால், ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பி.எஸ்.ஏ. திவாலாகும் நிலைக்கு வந்தது. அரசாங்கத்தின் உதவியோடு 1973-இல் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்ற புதுக் குழுமம் உருவானது. அதன் தலைவர் டென்னிஸ் பூர் 1973 செப்டம்பர் 14 அன்று மெரிடனுக்கு வந்து, தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார். சுமார் 1,750 பேருக்கு வேலை போகும். தொழிலாளர்கள் அன்றே வாசலை மறித்தார்கள். உள்ளே இருந்த வண்டிகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் வெளியே விடவில்லை. உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியது.

அந்தக் குளிர்காலம் பிரிட்டனுக்கே கெட்ட காலம். எண்ணெய் நெருக்கடி, நிலக்கரித் தட்டுப்பாடு, ஆலைகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் இயங்கலாம் என்ற உத்தரவு. மெரிடன் வாசலில் இரவும் பகலும் முறைபோட்டுக் காவல் நின்றார்கள். பலர் வேறு வேலை தேடிப் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிஞ்சியவர்கள் ஒன்றரை ஆண்டு வரை விடவில்லை. 1974-இல் தொழில்துறை அமைச்சரான டோனி பென், தொழிற்சாலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தலாம் என்ற கோரிக்கையை ஆதரித்தார். 42 லட்சம் பவுண்டு கடன், 7.5 லட்சம் பவுண்டு மானியம். 1975 மார்ச்சில் மெரிடன் கூட்டுறவு பிறந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே குழுமத்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் வேலை செய்த தோழர்கள் இந்தக் கூட்டுறவை எதிர்த்தார்கள். மெரிடன் பிழைத்தால் தங்கள் வேலை போகும் என்ற அச்சம். அது நியாயமான அச்சம்தான், ஸ்மால் ஹீத் பிறகு மூடப்பட்டது. ஒரே வயிற்றுப் பிரச்சினையில் இரண்டு தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எதிரெதிரே நிற்க நேர்ந்தது அந்தக் காலத்தின் கொடுமை.

கூட்டுறவில் பெருக்குகிறவரிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் ஒரே சம்பளம், வாரம் 50 பவுண்டு. இது என் வேலை, அது உன் வேலை என்ற கோடு அழிந்தது. ஒரு பிரிவில் வேலை குறைந்தால் அடுத்த பிரிவுக்குக் கைகொடுக்கப் போனார்கள். கியர் நெம்புகோல் இடது காலில்தான் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது, பான்வில்லுக்கோ வலது காலில். அந்த மாற்றத்தைச் செய்து பான்வில்லை மறுபடி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1977-இல் எலிசபெத் ராணியின் வெள்ளி விழாவுக்கென்று தனி பான்வில் செய்தார்கள்.

ஆனால் கையில் பணம் இல்லை. 1977 வரை விற்பனை உரிமைகூடப் பழைய குழுமத்திடமே இருந்தது. செய்வது மட்டும் இவர்கள் பொறுப்பு. ஒரே சம்பளம் என்ற ஏற்பாடும் நாளடைவில் நிற்கவில்லை, தேர்ந்த ஆட்களைத் தக்கவைக்கச் சம்பள வேறுபாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. 1979-க்குப் பிறகு பவுண்டின் மதிப்பு ஏறியதில் அமெரிக்காவில் வண்டியின் விலையும் ஏறியது. புது மாடலுக்கு முதலீடு செய்ய ஒருவரும் வரவில்லை. 1983 ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது.

கட்டடத் தொழிலில் இருந்த ஜான் புளூர் டிரையம்ப் பெயரை வாங்கி, ஹின்க்லி ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டினார். அங்கேயும் போனேன். நுழைவுக் கட்டணம் இல்லாத காட்சிக்கூடம், சுத்தமான தரை, புது பான்வில்கள். இன்று டிரையம்ப் வண்டிகளில் பல தாய்லாந்தில் தயாராகின்றன. புனே அருகே சாகனில் பஜாஜும் செய்கிறது. பிரிட்டிஷ் பெயர் இந்திய மண்ணில் பிழைத்த கதை நமக்குப் புதிதல்ல. ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் 1970-இல் நின்றது. திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கிய தொழிற்சாலையின் கைகள்தான் புல்லட்டைச் சாகவிடாமல் காத்தன.

மெரிடன் கூட்டுறவு தோற்றுப்போன பரிசோதனை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலாளிகள் 1973-இலேயே முடித்துவிட நினைத்த வண்டியை, கைவசம் எதுவும் இல்லாத தொழிலாளர்கள் மேலும் பத்து ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். அவர்கள் அன்று வாசலை மறிக்காமல் இருந்திருந்தால், புளூர் வாங்குவதற்கு மதிப்புள்ள ஒரு பெயரே மிஞ்சியிருக்காது. ஹின்க்லியில் புது வண்டிகளைப் பார்த்து வியக்கப் போகும் நம்மவர்களே, அரை நாள் ஒதுக்கி மெரிடனுக்கும் போய்வாருங்கள். தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதைப் பூட்டப்போகிற ஃபிட்டரை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.