புதுக் கொம்பியூட்டர் அடிக்கடி நின்று போகிறதா? பிள்ளைக்கு ஏச முதல் இதை வாசியுங்கள்

கடந்த ஒரு மாதத்துக்குள் மூன்று பெற்றோர் ஒரே விசயத்தைச் சொல்லி என்னிடம் வந்துவிட்டார்கள். "சேர், புதுசா எடுத்த கொம்பியூட்டர் தானா நிண்டு போகுது. இவன் கேம் விளையாடியே நாசமாக்கிட்டான்."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் கொம்பியூட்டர் திருத்துபவன் அல்ல, விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர். ஆனால் எங்கள் குடும்பத்திலேயே இந்தப் பிரச்சினை வந்து, அதன் அடி வரைக்கும் போய்ப் பார்த்தோம். அந்த வழி உங்களுக்கும் உதவலாம். கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று. கேம் விளையாடியதால் மட்டும் நல்ல கொம்பியூட்டர் பழுதாகாது. கேமும் வீடியோ எடிட்டிங்கும் இயந்திரத்துக்குப் பாரம் கொடுக்கின்றன, அவ்வளவுதான். பாரம் ஏறும்போது ஏற்கனவே பலவீனமாக இருக்கும் பாகம் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது. பஸ் கடுகண்ணாவ ஏற்றத்தில் சூடாகி நின்றால் ஏற்றத்தையா குறை சொல்வோம்?

எங்கள் கதை இதுதான். ராத்தாவின் மகனுக்கு 19 வயது. உயர்தரம் எழுதிவிட்டு கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறான். மச்சான் கத்தாரில் இருந்து அனுப்பிய 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாயில் கொழும்புக் கடையொன்றில் பாகங்கள் வாங்கி, வீடியோக்கள் பார்த்து வீட்டிலேயே தன் கையால் பூட்டினான். ரைசன் 5 5600 ப்ரொசசர், 8 ஜிபி ரெம் இரண்டு, 550 வொட் பவர் சப்ளை. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு கல்யாண வீடியோவை முடித்து எடுக்கும் நேரம் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆனது. பிறகு ஒரு நாளைக்கு நாலு ஐந்து தடவை. அந்தக் கல்யாண வீட்டாரிடம் அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது.

கடைக்குக் கோல் எடுத்தால் முதல் நாள், "விண்டோஸ மாத்திப் போடுங்க" என்றார்கள். இரண்டு தடவை போட்டான், பலனில்லை. அடுத்த நாள், "உங்கட ஊர்ல கரண்ட் சரியில்ல" என்றார்கள். மூன்றாம் நாள், "நீங்களே பூட்டினதுக்கு நாங்க பொறுப்பில்ல." கத்தாரில் இருந்து மச்சானின் வொயிஸ் வந்தது: "கடையிலேயே பூட்டி எடுக்கச் சொன்னேன்தானே." ராத்தா என்னிடம் சொன்னா, "தம்பி, இத வந்த விலைக்கு வித்துப் போடு. இவன் ரெண்டு நாளா சோறும் தின்றானில்ல."

விண்டோஸ், கரண்ட், பூட்டிய கை. மூன்றில் எதுவும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒருவரும் எதையும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாரும் ஊகத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு விழுந்தது 19 வயதுப் பிள்ளையின் தலையில்.

நான் ஒரு சிஆர் கொப்பியை அவனிடம் கொடுத்து ஒரே ஒரு சட்டம் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றிய பிறகு சோதனை. சோதனைக்குப் பிறகு கொப்பியில் எழுத்து. பாடசாலை விஞ்ஞானத்தில் நாம் படிப்பிப்பதும் இதுதானே, ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பலர் ஒரே இரவில் விண்டோஸும் போட்டு, பயோஸும் அப்டேட் பண்ணி, ரெம்மையும் கழற்றிப் பூட்டுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடினாலும் எதனால் சரியானது என்று தெரியாது. திரும்ப வந்தால் மறுபடியும் தொடக்கத்தில் இருந்து.

*எப்படி நிற்கிறது?*

எழுத்துடன் நீலத் திரை வருகிறதா, சுவிட்சைப் பிடுங்கியது போல் திடீரென அணைகிறதா, படம் அப்படியே உறைந்து மவுஸும் அசையாமல் நிற்கிறதா? திடீரென அணைந்தால் பவர் சப்ளை, சூடு, தளர்ந்த வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நீலத் திரை என்றால் அதிலுள்ள எழுத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மருமகனுக்கு ஒரு தடவை "மெமரி மேனேஜ்மென்ட்" என்று வந்தது. அடுத்த தடவை "பேஜ் ஃபோல்ட்". பிறகு வேறொன்று. ட்ரைவர் மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே பெயர், ஒரே கோப்பு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் பெயர் மாறினால் ரெம் மீது சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பல்ல.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் "கேர்னல் பவர் 41" என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் உடனே பவர் சப்ளை வாங்க ஓடுகிறார்கள். அந்த வரி சொல்வது, "கொம்பியூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் ரீஸ்டார்ட் ஆனது" என்பதை மட்டும்தான். ஏன் என்று அது சொல்லாது.

*கரண்டா?*

கடைக்காரர் சொன்னதையும் தட்டிக் கழிக்கவில்லை. எங்கள் பக்கம் மின்சாரம் கூடிக் குறைவது உண்மைதான். அதனால் இயந்திரத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வேறு ட்ரான்ஸ்போமர், யூபிஎஸ்ஸும் உண்டு. இரண்டாவது மணித்தியாலத்தில் அதே நீலத் திரை. கரண்டை வெட்டிவிட்டோம்.

*சூடா?*

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் பார்த்தோம். முழுப் பாரத்தில் 72 பாகை. இந்த ப்ரொசசருக்கு எல்லை 90. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சிலர் உரிக்காமலே பூட்டிவிடுவார்கள். கழற்றிப் பார்த்தோம், மருமகன் உரித்துத்தான் பூட்டியிருந்தான். சூட்டையும் வெட்டிவிட்டோம்.

*செட்டிங்கா?*

ரெம் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், பூட்டியவுடன் பல ரெம்கள் 2133, 2400 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடும். பயோஸுக்குள் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கைப் போட்டால்தான் பெட்டியில் உள்ள வேகம் வரும். அப்போது ரெம்முக்குப் போகும் வோல்டேஜும் பொதுவாக 1.2 இல் இருந்து 1.35 ஆகக் கூடும். எல்லா மதர்போர்டும் எல்லா ரெம்மும் இந்த வேகத்தில் ஒத்துப் போவதில்லை. ஆகவே எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நிறுத்தியதும் பிரச்சினை நின்றால் பாகம் பழுது என்று சொல்ல முடியாது. பயோஸ் அப்டேட் பண்ணியோ, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தோ சமாளிக்கலாம். எங்களுடையது நிறுத்திய பிறகும் விழுந்தது.

*ரெம்மா?*

மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையைப் பென் டிரைவில் போட்டு, விண்டோஸுக்குள் போகாமலே ஓட விட்டோம். இங்கே விண்டோஸுக்கு வேலையே இல்லை என்பதால், பிழை வந்தால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. நாலு சுற்று முடியப் பல மணித்தியாலம் எடுக்கும். இரண்டாவது சுற்றிலேயே சிவப்பு வரிகள் வந்தன. நல்ல ரெம்மில் வர வேண்டிய பிழை பூச்சியம். "ஒண்டு ரெண்டுதானே" என்று விடக் கூடாது.

இரண்டில் எது? கரண்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்தோம். மருமகன் தன் கையால் கொப்பியில் எழுதிய நாலு வரி இவை:

முதலாவது ரெம், இரண்டாம் துளை: பிழை 0.
இரண்டாவது ரெம், இரண்டாம் துளை: 40 நிமிடத்தில் பிழை.
இரண்டாவது ரெம், நாலாம் துளை: பிழை.
முதலாவது ரெம், நாலாம் துளை: பிழை 0.

பிழை துளையோடு நிற்கவில்லை, ரெம்மோடு கூடவே போகிறது. அவன் பூட்டிய விதம் பிழை என்றால், கழற்றி மாற்றிப் பூட்டும்போது அது மாறியிருக்க வேண்டும். மதர்போர்ட் பிழை என்றால் நல்ல ரெம்மும் விழுந்திருக்க வேண்டும். இதைப் பார்த்ததும் அவன், "மாமா, அப்ப நான் ஒண்டும் செய்யல்லதானே?" என்று கேட்டான். ஒரு கிழமையாக அந்தக் கேள்வியைத்தான் அவன் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

கடைக்காரருடன் சண்டை பிடிக்கவில்லை. நாலு சோதனையின் படமும், பில்லும், சீரியல் இலக்கமும் வொட்ஸ்அப்பில் அனுப்பி, "எங்கள் முன்னால் நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாருங்கள்" என்றோம். மருமகன் இரண்டு ரெம்மையும் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் போனான். சோடியாக விற்றதைச் சோடியாகத்தான் மாற்றுவார்கள். கடையில் ஒரு மணித்தியாலத்துக்குள் பிழை வந்தது. புதுச் சோடி கொடுத்தார்கள். கண்ணால் கண்ட பிறகு அவர்களும் மறுபேச்சுப் பேசவில்லை.

வந்ததும் திரும்ப நாலு சுற்று, எக்ஸ்எம்பி போட்டு இன்னொரு தடவை, பிறகு மூன்று மணித்தியால எடிட்டிங். ஒன்றும் விழவில்லை. கல்யாண வீடியோ 9 நாள் பிந்தியது. முதலே கோல் எடுத்துச் சொல்லியிருந்ததால் அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். அந்த நாலு வரியையும் படமெடுத்து வாப்பாவுக்கு அனுப்பினான். பதிலுக்கு வந்த வொயிஸில் கொம்பியூட்டரைப் பற்றி ஒன்றுமில்லை. "மகன், சாப்பிட்டியா?" என்று மட்டும்தான் இருந்தது.

எல்லோருக்கும் ரெம்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். உங்களுடையது இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் என்றால் வேறு விசயமும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு வோல்டேஜ் அளவுக்கு மிஞ்சிப் போய் ப்ரொசசர் பாதிக்கப்படுவதை 2024இல் அந்த நிறுவனமே ஒத்துக்கொண்டது. பயோஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் கொடுத்து, வொரண்டியையும் 2 வருடம் கூட்டியது. அப்டேட் இனிமேல் வரும் பாதிப்பைத் தடுக்கும், ஏற்கனவே பாதிக்கப்பட்ட ப்ரொசசரைச் சரியாக்காது. அப்படியானதை மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விசயம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் இலக்கமும் எழுதி வாங்குங்கள். பெட்டிகளை எறியாதீர்கள். ரெம் சோதனையை முதல் கிழமையிலேயே செய்யுங்கள். முதல் கிழமையில் மாற்றித் தரும் கடை ஆறாம் மாதத்தில் அதே முகத்தோடு பேசாது.

ஏற்கனவே வாங்கி நின்று போகிறது என்பவர்கள் கொப்பியில் ஐந்து நிரல் கீறுங்கள். திகதி, நேரம், அப்போது ஓடிய வேலை, திரையில் வந்த எழுத்து, கடைசியாக மாற்றியது. பிள்ளையிடமே எழுதக் கொடுங்கள். ஒரு பக்கம் நிரம்ப முதல் பாதிக் காரணங்கள் கழிந்துவிடும்.

மெம்டெஸ்ட் போட்ட பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. பாடசாலை விட்ட பிறகு வந்தால் தருவேன். பாவித்து முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்த ஆளும் காத்திருப்பார்.