அம்மாவின் கடிதங்கள்

1998ஆம் ஆண்டு, ஸ்கார்பரோவில் ஒரு தொடர்மாடியிலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறியபோது, சகோதரர் நாங்கள் இருவரும் ஒரு பிழை செய்தோம். அம்மாவின் கடிதங்கள் இருந்த பையைச் சமையலறைக் கழிவுப் பைகளோடு சேர்த்துக் குப்பைத் துவாரத்தில் போட்டுவிட்டோம். யாருடைய கை போட்டது என்பதை இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவை 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. மின்சாரம் நின்றுபோயிருந்த காலம். மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கின் முன்னிருந்துதான் அம்மா எழுதினார். சில தாள்களில் புகைக்கறை படிந்திருக்கும்.

அந்நாளில் ரொறன்ரோவின் குப்பையில் பெரும்பகுதி வடக்கே வோன் நகரிலிருந்த கீல் வாலி குப்பைமேட்டுக்கே சென்றது. 1983 முதல் 2002 இறுதிவரை இயங்கிய இடம் அது; முன்னர் சரளைக்கல் அகழ்ந்த குழி. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அங்கு குப்பையின் வாயுவைக் கொண்டு மின்சாரமும் எடுத்தார்கள் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தோம்.

மண்ணால் மூடப்பட்ட குப்பைக்குள் விரைவில் காற்று அற்றுப்போகிறது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் உணவுக்கழிவையும் தாளையும் சிதைக்கின்றன. அப்போது எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மெத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. துளையிட்ட குழாய்களை ஆழத்தில் இறக்கி, அவ்வாயுவை உறிஞ்சி, ஈரம் நீக்கி எரித்தால் மின்பிறப்பாக்கி சுழலும். எரிக்காமல் வெளியே விடுவதே பெருங்கேடு: நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மெத்தேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமேற்றக் கூடியது.

இதை அறிந்தபோது எங்களுக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. மின்சாரமில்லாத வீட்டில் எழுதிய கடிதங்கள், முன்பின் அறியாத எவர் வீட்டிலோ விளக்காக எரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.

அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் குப்பையையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட வில்லியம் ராத்ஜேயைப் பற்றிப் பின்னர் வாசித்தோம். அவருடைய குழுவினர் அமெரிக்கக் குப்பைமேடுகளைத் துளைத்துப் பார்த்தபோது, பல பத்தாண்டுகள் பழைய பத்திரிகைகள் எழுத்து அழியாமல், வாசிக்கத்தக்க நிலையில் கிடைத்தனவாம். ஈரம் குறைந்த இடத்தில் தாள் எளிதில் மட்குவதில்லை. கிடங்கு வாயுவைத் தருவதில் எங்கள் வீட்டுச் சோறும் கறியும் அம்மாவின் கடிதங்களை முந்தியிருக்கலாம்.

அவை ஒளியாகியிருக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவரின் விருப்பம். மண்ணுக்கடியிலாவது அந்த எழுத்து இருக்கட்டும் என்பது மற்றவரின் விருப்பம்.

அம்மா இறப்பதற்கு முன்னர் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: "நான் எழுதின கடிதங்கள் எல்லாம் வைச்சிருக்கிறீங்களோ?"

"ஓம் அம்மா, பத்திரமாய் இருக்கு" என்றோம்.

அது பொய்தான் என்று உறுதியாகச் சொல்ல இப்போது எங்களால் முடியவில்லை.