மானியமும் மனமாற்றமும்

நோய் தீர மருந்து வேண்டும். மருந்து வாங்கப் பொருள் வேண்டும். ஆயினும் பொருள் இருப்பதனால் மட்டும் நோய் தீர்ந்துவிடுவதில்லை. எந்த மருந்தை, யாருக்கு, எத்துணைக் காலம் கொடுத்தல் வேண்டும் என்று அறிந்தவன் கையில்தான் பொருள் பயன்படுகிறது. துப்பாக்கிக் கொடுமையைக் குறைப்பதற்காக அமெரிக்க மாநிலங்கள் காவல்துறைக்கு வழங்கிவரும் மானியத்தின் வரலாறு உணர்த்தும் உண்மையும் இதுவேயாகும்.

துப்பாக்கியைத் திரைப்படத்திலன்றி வேறெங்கும் கண்டறியாத மாணவர்க்கு அந்நாட்டின் நிலை திகைப்பைத் தரும். 2021-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர்கள். ஏறத்தாழ 21,000 பேர் பிறரால் கொல்லப்பட்டவர்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டின் அரசியலமைப்பே காத்து நிற்பதால், ஆயுதத்தை அடியோடு அகற்றுதல் எந்த மாநில அரசுக்கும் இயலாது. ஆயுதம் நிறைந்த ஊரில் அது சினங்கொண்டவன் கைக்குச் சென்று உயிர் குடிக்காதவாறு காப்பது எங்ஙனம் என்பதே அவ்வரசுகளின் முன்னுள்ள வினா.

அமெரிக்காவில் பெரும்பாலான காவல் பணி அந்தந்த நகரத்தைச் சார்ந்தது. நகரத்தின் வரிப்பணமே காவலரின் ஊதியம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை அடுத்திருந்த பெரும் எஃகு ஆலை 1983-இல் உற்பத்தியை நிறுத்தியது. ரோச்செஸ்டர் நகரை வாழவைத்த கோடாக் நிறுவனம் 2012-இல் திவால் மனுக் கொடுத்தது. தொழில் தேய்ந்தால் வரி தேயும். வேலையற்ற இளைஞர் பெருகும் இடத்தில் குற்றமும் தலைதூக்கும். எங்கே காவல் மிகுதியாகத் தேவையோ அங்கே கருவூலம் வற்றிக் கிடக்கும். இந்த முரண்பாட்டைச் சரிசெய்யவே மாநில அரசின் மானியம் வந்து சேர்கிறது.

நியூயார்க் மாநிலம் 2014-இல் இத்தகைய மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் ‘கிவ்’. ‘கொடு’ என்பது அதன் பொருள். நியூயார்க் மாநகருக்கு வெளியே உள்ள வட்டாரங்களுக்கே இப்பணம் செல்கிறது. முதலில் 17 வட்டாரங்கள் பயன்பெற்றன. 2023-இல் அவை 21 ஆயின. தொகையும் 3 கோடியே 60 இலட்சம் டாலராக உயர்ந்தது. காவல்துறைக்கு மட்டுமன்றி, அரசு வழக்குரைஞர்க்கும் நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர்க்கும் இதில் பங்குண்டு. குற்றப் புள்ளிகளை ஆராய்வோரின் ஊதியம், மிகைநேரப் பணிக்கான கூலி, கருவி, பயிற்சி ஆகியவற்றுக்கு இப்பணம் பயன்படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆய்வினால் மெய்ப்பிக்கப்பட்ட முறைகளையே கையாள வேண்டும்.

அம்முறைகள் யாவை? குற்றம் ஓர் ஊர் முழுதும் ஒன்றுபோல் பரவிக் கிடப்பதில்லை. சில தெருக்களிலும் சில மனிதரிடத்தும் அது குவிந்து கிடக்கிறது. முதல் முறை, குற்றம் மலிந்த இடங்களைக் குறிவைப்பது. கன்சாஸ் நகரில் 1992 சூலை முதல் 29 வாரங்கள், 144 என எண்ணிட்ட ஒரு காவல் எல்லையில் சிறப்புச் சுற்றுக்காவல் நடந்தது. நடுவண் அரசின் மானியமே அதற்குக் கைகொடுத்தது. துப்பாக்கிக் குற்றங்கள் 169-இலிருந்து 86-ஆகக் குறைந்தன. மக்களின் அச்சமும் தணிந்தது.

இரண்டாவது முறை, ஆட்களைக் கருதியது. பாஸ்டன் நகரில் 1990-களின் நடுவில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 1,300 பேர் கொண்ட கும்பல்களே இளைஞர் கொலைகளுள் 60 விழுக்காட்டிற்குக் குறையாதவற்றோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. நகரத்து இளைஞருள் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1996-இல் அவர்களை நேரில் அழைத்துப் பேசினர். “கொலை தொடர்ந்தால் கும்பல் முழுவதன்மீதும் சட்டம் பாயும், திருந்த விரும்பினால் வேலையும் துணையும் கிட்டும்” என்பதே அப்பேச்சின் சாரம். காவலரோடு சமூகத் தொண்டரும் தேவாலயப் போதகரும் அங்கே நின்றனர். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 44 இளைஞர் கொலையுண்ட நகரில், 1997-இல் அத்தொகை 15-ஆக வீழ்ந்தது.

இவ்வளவில் வெற்றி என்று மகிழ்ந்துவிடலாமா? கன்சாஸ் நகரில் 29 வாரம் முடிந்து சிறப்புக் காவல் நின்றதும், துப்பாக்கிக் குற்றங்கள் மீண்டும் ஏறின. பாஸ்டனில் 2000-ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. கும்பல்களின் துப்பாக்கிச் சூடு மீண்டும் பெருகியது. 2007-இல் அம்முயற்சியை மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை எதிர்நோக்கும் மானியத்தின் குறை இங்கே புலனாகின்றது. நீர் பாய்ச்சுவதை நிறுத்தியபின் பயிர் வாடியது என்று நிலத்தைப் பழித்தல் முறையாகுமா?

அஃதன்றி மற்றொரு தீங்கும் உண்டு. பணம் பெறுவோர் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட எண்கள் வேண்டும். எண்ணே குறிக்கோளாகிவிட்டால் காவல் தடம் மாறிவிடும். நியூயார்க் மாநகரில் 2011-இல் காவலர் தெருவில் மறித்த நிகழ்ச்சிகள் 6,85,000-க்கும் மேற்பட்டன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவானவை எவர்மீதும் எந்நடவடிக்கையும் இன்றி முடிந்தன. மறிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இனத்தவர். அவ்வாறு மறித்த முறை அரசியலமைப்புக்கு மாறானது என்று 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலியே பயிரை மேய்கிறது என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டால், சாட்சி சொல்ல எவரும் முன்வாரார். சாட்சியின்றிக் கொலைகாரன் தப்புவான். இறந்தவனின் தம்பியோ நீதியைத் தன் கையாலேயே தேட முனைவான். காவலர்பால் மக்களுக்குள்ள நம்பிக்கையைக் கெடுக்கும் எந்தச் செலவும் அடுத்த கொலைக்கு வித்தாகிறது.

நியூயார்க் மாநிலம் காவலரல்லாதார்க்கும் பொருள் கொடுத்தமை இதனால் பாராட்டத்தக்கது. துப்பாக்கிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து முன்னாக எழுதி ‘ஸ்னக்’ எனப் பெயரிட்ட திட்டம் அது. அதே தெருக்களில் வளர்ந்து, சிலர் சிறையும் கண்டு, பின்னர்த் திருந்தியவர்களே அதன் தொண்டர்கள். சுடப்பட்டவனின் மருத்துவமனைக் கட்டிலருகே சென்று, பழிவாங்கத் துடிக்கும் தோழர்களை அவர்கள் ஆற்றுகின்றனர். சீருடை அணிந்தவர் சொல் ஏறாத செவியில் அவர்கள் சொல் ஏறுகிறது.

இம்மானியம் பெறும் நகரங்களில் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் ஏறிய துப்பாக்கிச் சூடு பின்னர் இறங்கி, 2024-இல் 2006 முதலான கணக்கிலேயே மிகக் குறைந்த அளவை எட்டியது. அதே காலத்தில் நாடெங்கும் கொலைகள் குறைந்தமையால் பெருமை முழுவதையும் மானியத்திற்கே சூட்டுதல் பொருந்தாது. பொருளால் ஆனது பாதி; அதைச் செலவிட்ட முறையால் ஆனது மறுபாதி எனலாம்.

பொருள் காவலரின் காலத்தை வாங்கும், கருவியை வாங்கும், கற்றறிந்த ஆய்வாளரின் அறிவையும் வாங்கும். ஒரு தாய் தன் மகனைக் கொன்றவன் யாரென்று காவலரிடம் அஞ்சாமல் கூறும் துணிவைப் பொருளால் வாங்க இயலாது. அது நேர்மையான நடத்தையால் மெல்ல மெல்ல வளர்வது. ஒரே இரவில் அழியக்கூடியது. மானியத்தை ஒதுக்கும் அரசு, அது வளர்ந்ததா தேய்ந்ததா என்பதையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்தல் வேண்டும்.