வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாம்பலத்தில் தாம்பரம் பக்கம் போகும் எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறிப் பாருங்கள். கையில் மடித்த விளம்பர நோட்டீஸ், முகத்தில் லேசான கலவரம், பக்கத்தில் முறைத்தபடி மனைவி... சந்தேகமே வேண்டாம், அவர் வீடு பார்க்கப் போகிறவர். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.

தாம்பரம் தாண்டினால்தான் சம்பளக்காரனுக்கு வீடு என்பது எங்கள் ஆபீஸில் வேதவாக்கு. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் காட்சி ஒன்றுதான். வாசலில் பைக்கை உறுமவிட்டபடி ஒரு புரோக்கர் நிற்பார். அவர்கள் பாஷைக்குத் தனி அகராதி வேண்டும். 'ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம்' என்றால் அவர் பைக்கில், அவர் ஓட்டும் வேகத்தில். 'நல்ல காத்தோட்டம்' என்றால் எதிர் மனையில் இன்னும் யாரும் கட்டவில்லை. 'அமைதியான ஏரியா' என்றால் பஸ் கிடையாது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "பஸ் ஸ்டாண்டே உங்க வாசலுக்கு வந்துடுச்சு ஸார்!"

முதல் வீடு முடிச்சூர் பக்கம். தரைத்தளம், 850 சதுர அடி, 42 லட்சம். புதுப் பெயிண்ட் வாசனை, வாசலில் செம்பருத்தி. மனைவி சமையலறையில் மிக்ஸி வைக்க இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"மத்தியானம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க. ஒரு அம்பதாயிரம் டோக்கன் இப்பவே போன்ல போட்டுடுங்க ஸார்" என்றார் புரோக்கர்.

அப்பாவின் ரிடையர்மென்ட் பணம் எட்டு லட்சம் என் அக்கவுண்ட்டில் இருந்தது. போட்டிருப்பேன். போனில் டவர் கிடைக்கவில்லை. தப்பித்தேன்!

மறுநாள் ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர் கேட்டார்: "விக்கிறவனுக்கு ஒரு ஆள் இருக்கான். உனக்கு யார் இருக்கா?"

"அந்த புரோக்கர் எங்கிட்டயும்தான் கமிஷன் வாங்கறார்..."

"ரெண்டு பக்கமும் வாங்கறவன் ரெண்டு பேருக்கும் ஆள் இல்லப்பா. எப்படியாவது சீக்கிரம் முடியணும்கிற பக்கத்து ஆள்!"

அவர் அனுப்பி வைத்தவர்தான் பெரியவர். பல வருஷம் பத்திரம் எழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் குடை. கண்டிஷனை முதலிலேயே சொல்லிவிட்டார்: "பர்சன்டேஜ் பேச்சே வேண்டாம் தம்பி. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஆயிரத்து ஐநூறு. பத்திரம் பார்க்கத் தனி. நீங்க வாங்கினாலும் சரி, வாங்காட்டாலும் சரி, எனக்கு அதே காசுதான்."

அடுத்த ஞாயிறு மறுபடி முடிச்சூர். பெரியவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. நேரே தெருமுனை டீக்கடைக்குப் போனார். "2015-ல தண்ணி எது வரைக்கும்ணே?" என்றார். டீக்கடைக்காரர் பேசாமல் கையில் இருந்த கிளாஸை மார்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "மூணு நாள் மாடியில கிடந்தோம்."

எனக்குச் சிரிப்பாகக்கூட வரவில்லை. அடையாறு ஆறு அடையாறில்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தவன் நான். அது இந்தப் பக்கமாகத்தான் கிளம்பி வருகிறதாம். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது.

"ஈ.பி. மீட்டர் ஏன் தலைக்கு மேல இருக்குன்னு யோசிச்சீங்களா தம்பி?" என்றார் பெரியவர். நான் செம்பருத்தியைத்தான் பார்த்திருந்தேன்.

இரண்டாவது வீடு ஊரப்பாக்கத்தில். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று சுத்தம். நான் விசில் அடிக்காத குறை. பெரியவர் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். அப்பா சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்து. விற்க வந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். சான்றிதழில் தங்கை ஒருத்தியும் இருந்தாள்!

"அது கல்யாணம் ஆகிப் போயிடுச்சு ஸார்" என்றார்கள்.

"பொண்ணு போனா பங்கும் போயிடுமா? மகளுக்கும் மகனுக்கும் சமம்னு 1956-லேயே சட்டம் சொல்லியாச்சு. வில்லங்கத்துல பதிவானதுதான் தெரியும். பதிவாகாத தங்கச்சி தெரிய மாட்டா."

மூன்றாவது புது அபார்ட்மென்ட். நோட்டீஸில் 1,000 சதுர அடி. பெரியவர் டேப்பை எடுத்து அறை அறையாக அளந்தார். சுவருக்குள் 720 தான் தேறியது. மீதி? மாடிப்படியிலும் வராந்தாவிலும் நமக்குள்ள 'பங்கு'! 2016-ல் வந்த ரெரா சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்ல வேண்டும். ரெரா நம்பர் கேட்டபோது புரோக்கருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. நாலாவதில் அடிநிலத்தின் பிரிபடாத பங்கு, பத்திரத்தில் ஒரு கணக்கு, வாயில் ஒரு கணக்கு.

வீட்டில் புயல் வீசியது. "வேணாம்னு சொல்றதுக்கு வாராவாரம் ஆயிரத்து ஐநூறா? அதை நான் ஓசியிலேயே சொல்வேனே!"

நியாயமான கேள்விதான். பதில் ஐந்தாவது ஞாயிறு கிடைத்தது. கூடுவாஞ்சேரி, இரண்டாவது மாடி, பத்து வருஷத்துப் பழைய வீடு. பெரியவர் டீக்கடைக்குப் போனார், அளந்தார், பத்திரங்களை வாங்கிப்போய் நாலு நாள் வைத்திருந்தார். பிறகு, "இதுல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல தம்பி" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது!

46 லட்சம் சொன்னார்கள். "முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 பர்சன்ட் தனியா இருக்கு, பையன் எங்க போவான்?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்குவதற்குள் 43.5 ஆனது. அவருக்கு நான் மொத்தமாகக் கொடுத்தது 13,500 ரூபாய்.

போன மழைக்காலத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க முடிச்சூர் போனேன். தெருவில் முழங்கால் தண்ணீர். அந்தச் செம்பருத்தி வீட்டு வாசலில் என் வயசு ஆள் ஒருவர் செங்கல் அடுக்கி, பிரிட்ஜைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கை பிடித்தேன்.

"எப்ப ஸார் வாங்கினீங்க?"

"போன வருஷம். அன்னிக்கே டோக்கன் போட்டுட்டேன். இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கறதா புரோக்கர் சொன்னார்..."

அந்த இன்னொரு பார்ட்டி நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.