ஒரு ‘ஜி’ பத்தல

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மின்மினி காட்டலாம் என்று கம்போங் குவாந்தானுக்குக் கிளம்பினோம். போகிற வழியில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். படகுத் துறையை நெருங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால்தான் படகு. காருக்குள் ஐந்து பேர். கைப்பேசியில் லைன் சரியாக இல்லை. ஐந்து நிமிடத்தில் சின்னவன் சிணுங்க ஆரம்பித்துவிட்டான்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கடை ரசீதை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் கோல சிலாங்கூர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பிரித்து எழுதினார். உயிரெழுத்துகள் நடுவில், மற்றவை சுற்றிலும் வட்டமாக. மொத்தம் 13.

“இதுக்குள்ள எத்தனை இங்கிலீஷ் வார்த்தை ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம். இருக்கிற எழுத்தைத்தான் எடுக்கணும். கூட ஒண்ணு கடன் வாங்கக்கூடாது.”

அந்த வட்டத்தை நான் நாற்பது வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். பெஸ்தாரி ஜெயா அப்போது பத்தாங் பெர்ஜுந்தை. எங்கள் தோட்டம் அதன் பக்கத்தில்தான். கிராணியார் வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போன அக்கா, அங்கே பிள்ளைகள் ஸ்கிராபிள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். கேட்டால் வாங்கித் தர வீட்டில் யாருக்கும் முடியாது. மைலோ பெட்டி அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி அவரே ஒரு செட் செய்தார். ‘இ’ பன்னிரண்டு, ‘ஏ’ ஒன்பது, ‘ஐ’ ஒன்பது, ‘எஸ்’ நான்கே நான்கு. இரண்டு மூன்று முறை போய் எண்ணிக்கொண்டு வந்த கணக்கு அது. மொத்தம் நூறு கட்டைகள் இருக்க வேண்டும், அக்காவிடம் 98தான். எழுத்தே இல்லாத இரண்டு வெற்றுக் கட்டைகளை அச்சுப் பிழை என்று நினைத்து விட்டுவிட்டார்! அவைதான் ஆட்டத்திலேயே விலை உயர்ந்தவை என்பது எங்களுக்குத் தெரிய வெகு காலம் ஆனது.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று நாளிதழ் பக்கங்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார். எதற்கும் பன்மை சேர்த்துவிடலாம் என்பதால் ‘எஸ்’ஸைக் குறைத்தாராம். வேலையில்லாத மனிதர் நியூயார்க்கில் எண்ணியதைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மைலோ அட்டையில் நகல் எடுத்திருக்கிறாள். 1948-ல்தான் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வந்தது.

அக்காவின் பாணி இதுதான்: முதலில் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். கோல சிலாங்கூரில் ‘ஐ’ இல்லை. அதனால் ‘இங்’ என்று முடியும் எதையும் தேட வேண்டாம். ‘டி’ இல்லை (தமிழில் எழுதினால் இரண்டுமே டிதான், இரண்டுமே இல்லை). ஆகவே ‘எட்’ என்று முடியும் இறந்தகாலமும் போயிற்று. ‘எஸ்’ ஒன்று இருக்கிறது, அதைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கோல், சுகர், ஸ்னேக், ஆரஞ்சு. சின்னவன் “கங்காரு!” என்று கத்தினான். எண்ணிப் பார்த்தால் ‘ஓ’ இரண்டு வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. அழப்போனவனுக்கு அக்கா கோலா கரடியைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

படிவம் இரண்டில் இருக்கும் என் மகள் சொன்னாள்: “லேங்குவேஜ்!”

அக்கா விரல்விட்டு எண்ணினார். “லங்குவாகே... ஒரு ‘ஜி’ பத்தலம்மா.”

மகள் சிரித்துவிட்டாள். “அத்தை, அது லங்குவாகே இல்ல!”

அக்கா படித்த இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடமும் மலாய். மலாயில் எழுத்து எப்படியோ வாசிப்பும் அப்படியே. தமிழிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆங்கிலத்தில் மட்டும், அந்தச் சொல்லின் முதல் ‘ஜி’க்கு ஓர் ஒலி, இரண்டாவதற்கு வேறு ஒலி. காதில் விழாமல் கண்ணால் மட்டும் கற்றவர் எப்படி வாசிப்பார்? மூன்றாம் படிவத்தோடு அக்கா நின்றுவிட்டார். மறு மாதமே தொழிற்சாலைப் பேருந்து. என் புகுமுக வகுப்புக் கட்டணம் அந்தச் சம்பளத்தில்தான் போனது. அட்டைக் கட்டைகளும் என்னிடம் வந்தன.

மகளைக் கண்டிக்க வாயெடுத்தேன். முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு மருத்துவரிடம் அக்கா தன் முட்டிவலியை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தபோது, “நீங்க சும்மா இருங்கக்கா, நான் பேசிக்கிறேன்” என்று சொன்னவன் நான்தான். அன்றிலிருந்து என் முன்னால் அவர் ஆங்கிலம் பேசியதில்லை.

கண்டிப்பதற்குப் பதில் மகளிடம் ஒரு கதை சொன்னேன். நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்துக்காரர். நெடுங்காலமாக நம் நாட்டில் வாழ்பவர். 2007-ல் மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியில் அவர் முதலிடம். இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்து ஆடி இரண்டாமிடம் பெற்றவர் நம் கணேஷ் ஆசீர்வாதம். 2015-ல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் ரிச்சர்ட்ஸ் ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. அகராதியை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார்.

“பேசவே தெரியாமலா?” என்றாள் மகள்.

“பாருடா!” என்று அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வேறொன்றும் சொல்லாமல் ரசீதைத் தன் பக்கம் இழுத்து, எட்டு எழுத்தில் ஒரு சொல்லை எழுதி நீட்டினார். அனலாக். அன்று கிடைத்ததிலேயே நீளமானது.

“இதை எப்படிச் சொல்லணும்னு நீ சொல்லிக்குடு. அர்த்தமும் சொல்லு.”

மகள் சொல்லிக்கொடுத்தாள். அக்கா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

மழை விட்டு இருட்டவும் டிக்கெட் வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி திரும்பி, படகு போகுமா என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

“ரெயின் ஃபினிஷ்,” என்றார் அக்கா நிதானமாக. “நவ் போட் கேன் கோ. யூ சிட் ஃபிரண்ட், குட் ஃபார் சீ.”